பொட்டு இல்லாத படம்

புழுக்கள் உறங்கும் நாளில்தான் நிர்மலாதேவியால் ஊரைவிட்டு வெளியே போக முடியும். பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் கல்யாணத்துக்குப் போவதும் துக்கம் விசாரிப்பதும் புழுவின் வயதைப் பார்த்துத்தான். கூடு கட்டுவதற்குள் புழு நான்கு முறை தோலை உரிக்கும். ஒவ்வொரு முறையும் தின்பதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். காரிமங்கலம் பக்கத்தில் இதை ஜுரம் என்கிறார்கள். கன்னடக்காரர்களிடமிருந்து வந்த பேச்சு. ஜுரத்தில் இருக்கும் புழுவுக்கு இலை போடக் கூடாது. வளர்ப்பவருக்கு அன்று ஒரு பகல் மிச்சம்.

கார்த்திகையில் அப்படி மிச்சமான ஒரு பகலில் அவள் தருமபுரிக்குப் படம் பார்க்கப் போனாள். சினிமா அல்ல, சுவரில் மாட்டிய படம். அதில் இருப்பது அவள்தான். அந்தப் படத்தின் நெற்றியில் ஒரு பொட்டு வைக்கச் சொல்லிக் கேட்பதற்காகத் தனியாகப் போனாள்.

புழு மனை அவள் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, மல்பெரித் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. நீளமான கட்டடம், சிமெண்ட் அட்டைக் கூரை, இரண்டு பக்கமும் வலை அடித்த ஜன்னல்கள், உள்ளே வரிசையாகப் புழுத் தட்டுகளின் அடுக்குகள். உள்ளே போகும்முன் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, வாசலில் தூவியிருக்கும் சுண்ணாம்புத் தூளை மிதித்துப் போக வேண்டும். பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. பவுடர் கூடாது. வாசனைச் சோப்பு கூடாது. இவையெல்லாம் பட்டு வளர்ச்சித் துறை அதிகாரி சொன்னது. பொட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை அவளே சேர்த்துக்கொண்டாள். வியர்வையில் ஸ்டிக்கர் பொட்டு நழுவி இலையில் விழுந்துவிட்டால் எந்தத் தட்டில் விழுந்தது என்று தேட முடியாது. பசை புழுவுக்கு ஆகுமோ ஆகாதோ. அதனால் உள்ளே போகும்முன் பொட்டை நகத்தால் எடுத்து, வாசல் நிலையின் இடது பக்கத்தில், தன் தலை உயரத்துக்கு ஒட்டிவிட்டுப் போவாள். வெளியே வந்து வாசலைப் பார்த்துத் திரும்பியதும் கை தானாகவே அந்த இடத்துக்குப் போகும். பொட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். நிலையின் மரத்தில் அந்த இடம் மட்டும் பழைய பசை படிந்து கறுத்திருந்தது.

அவள் கணவர் குப்புராஜ் மனைக்குள் போனதே இல்லை. அவருக்குப் புகையிலைப் பழக்கம். புகையிலை மென்ற வாயோடு, புகையிலை தொட்ட கையோடு பட்டுப்புழுவின் பக்கத்தில் போனால் புழு துடித்துச் சாகும். தொழிலைத் தொடங்கிய நாளிலேயே அவள் சொல்லிவிட்டாள். "ஒண்ணு பொகையில, இல்லன்னா புழு. ரெண்டுல எது வேணுமோ நீங்களே பாத்துக்குங்க." அவர் புகையிலையைத் தேர்ந்தெடுத்து, தோட்டத்தோடு நின்றுகொண்டார். தண்ணீர் கட்டுவதும், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தழை வெட்டுவதும் அவர் வேலை. வெட்டிய தழையைக் கட்டடத்தின் பின்பக்கத்து இலை அறையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். வாசல் பக்கம்கூட வரமாட்டார். மனையிலிருந்து பொட்டோடு வீட்டுக்கு வரும் மனைவியைத்தான் அவருக்குத் தெரியும்.

படம் வரைந்தவர் மாதவராஜ் என்ற ஓவிய ஆசிரியர். தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. விடுமுறை நாட்களில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வரைகிறவர். போன தை மாதம் ஒரு நாள் மனை வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வந்து கொஞ்சம் பாக்கலாங்களா?"

"வரக்கூடாதுங்க. வெளியாள் வந்தா புழுவுக்கு நோவு வரும்."

"இங்கயே நின்னு வரைஞ்சுக்கட்டுங்களா?"

"நின்னுக்குங்க. ஆனா பேச்சுக் குடுக்காதீங்க. கணக்குத் தப்பிப் போயிடும்."

வலைக்கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் வரைந்தார். பிறகும் சில மாலைகள் வந்தார். புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. அந்த வயதில் அவை தின்னும் சத்தம் ஓட்டுக் கூரையில் மழை பெய்வதுபோலக் கேட்கும். அவளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. கூடு விற்றுக் காசு வந்தபோது அந்த மனிதரை மறந்தே போயிருந்தாள்.

ஆடி மாதத்தில் குப்புராஜுக்கு நெஞ்சு வலித்தது. சேலத்துக்குக் கொண்டுபோய் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். புகையிலையைத் தொட்டால் தன்னிடம் திரும்ப வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவு காலம் மனைவி சொல்லிக் கேட்காதவர் டாக்டர் சொன்னதும் விட்டார். ஆனால் ஆள் அடங்கிப் போனார். சந்தைக்குப் போவது குறைந்தது. வரப்பில் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் திசையில் பார்க்க ஒன்றும் இருக்காது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கடத்தூரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா தீர்த்தம்மாளின் மகன், தருமபுரிக் கண்காட்சியில் யாரோ படம்பிடித்துப் போனில் போட்டிருந்ததைப் பார்த்துத் தாய்க்குக் காட்டியிருக்கிறான். தீர்த்தம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே போனும் கையுமாக வந்து இறங்கினாள்.

"ஏ நிர்மலா, இது யாருன்னு பாரு."

போன் திரையில் ஒரு பெண்ணின் முகம். மேலே பச்சையும் சாம்பலும் கலந்த வெளிச்சம். பூ இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது.

"நாந்தாங்கண்ணி. மனைக்குள்ள நிக்கறப்ப அந்த வாத்தியார் வரைஞ்சது."

"நீதான்னு எனக்குத் தெரியாதா? எந்தம்பி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறான், உன்னய தாலியறுத்தவளாட்டம் எழுதி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கறானே, அவன் கையில கட்டி மொளைக்க! எந்தம்பிக்கு நெஞ்சுவலி எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

"அண்ணி, மனைக்குள்ள நான் எப்பவும் பொட்டு வெக்க மாட்டங்க. புழுவுக்கு..."

"புழுவுக்கு என்னடி தெரியும் பொட்டும் பூவும்? புருஷன் பெருசா, புழு பெருசா?"

"ரெண்டுந்தாங்க," என்றாள் நிர்மலாதேவி. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தீர்த்தம்மாளுக்கு வரவில்லை.

குப்புராஜ் அக்காவின் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி அக்கா மகனிடம் சொல்லி அதைத் தன் போனுக்கு அனுப்ப வைத்துக்கொண்டார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. வரப்பில் உட்கார்ந்து அதைத்தான் பார்ப்பார். அவள் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்துவிட்டு அவள் நெற்றியை ஒரு முறை பார்ப்பார்.

மனைக்குள் ஏன் பொட்டு வைப்பதில்லை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவரும் தலையாட்டினார். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். காரணமும் பயமும் வேறு வேறு இடங்களில் குடியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் வாசலுக்குப் போவதே இல்லை.

நான்காம் ஜுரம் தொடங்க இருந்த நாளில் இருவரும் தழை வெட்டிக்கொண்டிருந்தார்கள். குப்புராஜின் அரிவாள் தண்டின் மேலேயே நின்றது.

"நிர்மலா."

"சொல்லுங்க."

"அந்த வாத்தியாருகிட்டச் சொல்லி, அதுல ஒரு பொட்டு வெக்கச் சொல்லேன்."

"முடிச்ச படத்துல எப்பிடிங்க வெப்பாங்க?"

"சின்னதா வெச்சாப் போதும். அத வெச்சா என்ன கொறஞ்சு போவுது?"

அவர் எதையும் அதிகம் கேட்கிறவர் இல்லை. ஆஸ்பத்திரியில்கூடத் தண்ணீர் வேண்டும் என்று கேட்காமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர். அவள் சரி என்றாள்.

படத்தோடு இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு ஆண் குரல், தன் பெயர் ராஜா என்றும் படங்கள் மாட்டியிருக்கும் ஓவியக்கூடத்தைத் தான்தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னது. நாளைதான் கடைசி நாள், வாத்தியார் சாயங்காலம் வந்து எல்லாப் படங்களையும் கழற்றிப் பெங்களூருக்கு அனுப்பப் போகிறார் என்றது. சாயங்காலம் வரை அவளால் காத்திருக்க முடியாது. அதற்குள் புழுக்கள் எழுந்துவிடும். வாத்தியார் இல்லாவிட்டாலும் சொல்லிவிட்டாவது வரலாம் என்று கிளம்பினாள். கைப்பையில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டையும் எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புளியமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் தன் முகம் மங்கலாகத் தெரிந்தது; பொட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தன்னைப் பொட்டில்லாமல் பார்த்ததே இல்லை. போனில்தான் முதல்முறை பார்த்திருக்கிறார். அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல, தான் இல்லாத வீட்டை.

அந்த ஓவியக்கூடம் முன்பு புளி மண்டியாக இருந்தது. பூட்டிக் கிடந்ததை ஒருவர் வாங்கி, வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, ஓவியங்கள் மாட்டுவதற்கு விட்டிருந்தார். எவ்வளவு வெள்ளையடித்தும் புளி வாசனை போகவில்லை. ராஜாவும் போகவில்லை. மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரைக் கட்டடத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர், கடத்தூர்க்காரர்.

"வாங்கம்மா. நேத்துப் போன் பண்ணினது நீங்கதானுங்களா? செருப்ப எதுக்குக் கழட்டறீங்க, இது கோயில் இல்லீங்க."

"இருக்கட்டுங்கண்ணா. கால் கழுவத் தண்ணி எங்கங்க இருக்குது?"

"காலா?" என்று அவர் விழித்தார். "படத்தக் கண்ணாலதான பாக்கப் போறீங்க?"

தான் செய்வது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுண்ணாம்பு வாசனை, சத்தமில்லாத நீளமான கூடம், இரண்டு பக்கமும் வரிசை. கால் தானாக நின்றுவிட்டது. தலையில் வைத்திருந்த பூவைக்கூட எடுத்துக் கையில் வைத்திருந்தாள். நெற்றிக்குப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள். இங்கே புழு இல்லை.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. கடைசிச் சுவரில் தன் படம் இருப்பது நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் நேராக அதனிடம் போகவில்லை. மனையில் ஒரு தட்டில் நோய் கண்டிருந்தால் அந்தத் தட்டுக்கு முதலில் போக மாட்டார்கள். நல்ல தட்டுகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாகத்தான் அதைத் தொடுவார்கள். இல்லாவிட்டால் கையோடு நோய் மற்றதற்கும் போய்விடும். அவள் முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தீர்த்தமலை ஏறும் கூட்டம் ஒரு படத்தில் இருந்தது. முகங்கள் இல்லை, முதுகுகள் மட்டும். ஒரு முதுகில் ஈரத்துண்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து, ஆமாம், இப்படித்தான் ஒட்டும் என்று நினைத்தாள். ஒரு படத்தில் காரிமங்கலம் சந்தையின் தேங்காய்க் குவியல். இன்னொன்றில் பழுப்பு நிறம் மட்டும், மேலிருந்து கீழ்வரை. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"இது என்னங்கண்ணா?"

"அதத்தான் நானும் கேட்டங்க. நெலம்னு சொன்னாரு. நான் புளின்னு நெனச்சிருந்தேன். எனக்கு எல்லாமே புளிதான்."

"காஞ்ச கேவுரு வயலு மாதிரியும் இருக்குதுங்க."

"பாத்தீங்களா, ஆளுக்கொண்ணு. அதான் அந்தப் படத்த எவனும் வாங்க மாட்டேங்கறான்."

இப்படியே நடந்து தன் படத்தின் முன்னால் வந்து சேர்ந்தாள். ராஜா படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"அம்மா! இது நீங்கதானா?"

"ஆமாங்க. அதுக்குத்தான் வந்தேன். இதுல ஒரு பொட்டு வெக்கணுங்கண்ணா."

"எதுல?"

"படத்துல. நெத்தியில. எங்க வூட்டுக்காரரு ஒடம்பு சரியில்லாதவரு. அவருக்கு மனசுக்குச் சங்கடமா இருக்குதுங்க."

ராஜா சிரிக்க ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "என்னால ஆவுறது இல்லீங்கம்மா. புளி மூட்டையா இருந்தா கிழிஞ்ச எடத்தத் தெச்சுக் குடுத்துடுவேன். படத்துல கை வெச்சா சாரு என்னயக் கழட்டிப் பெங்களூருக்கு அனுப்பிடுவாரு. அவரு சாயங்காலம் வருவாரு, சொல்லிப் பாக்கறேன். நீங்க பாத்துட்டிருங்க, நான் ரெண்டு டீ வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் போன பிறகு கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள்.

அந்தக் கண்காட்சிக்கு நானும் ஒரு நாள் போயிருந்தேன். பெரிய ஓவியம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அடுக்குகளின் கோடுகள் ஓரிடத்தில் கோணலாகப் போகின்றன. கைகள் சரியாக அமையவில்லை. ஆனால் அந்த முகத்தில் பொய் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டு நிற்கும் பெண். நாம் கண்ணாடியில் பார்ப்பது கண்ணாடியைப் பார்க்கும் முகத்தை மட்டும். வேலையில் மூழ்கியிருக்கும்போது நம் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

நிர்மலாதேவிக்கு அது இப்போது தெரிந்தது. அந்தப் பெண் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். புழு தின்னும் மழைச் சத்தத்தை. அதைக் கேட்டே எந்தத் தட்டில் இலை தீர்ந்தது என்று சொல்லிவிடலாம். முகத்தில் துக்கம் இல்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. குறை இல்லாத முகம். அந்த நேரத்தில் அவள் குப்புராஜை நினைக்கவில்லை, யாரையுமே நினைக்கவில்லை. அவருக்கு எது வலித்தது என்று யோசித்தாள். பொட்டு இல்லாததா, அல்லது தான் இல்லாமலே நிறைந்திருக்கும் இந்த முகமா? அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தாள். ஒன்றை ஒட்டிவிட்டுப் போனால் ராஜா திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும். வாத்தியார் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு பொட்டை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். படத்தில் நெற்றி அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. விரலில் இருந்த பொட்டை வைத்தால் பாதி நெற்றியை மறைத்துவிடும். சின்ன அளவு எடுத்து வந்திருக்க வேண்டும். என்ன செய்வது என்று நின்றாள். படத்தின் ஓரங்களை அப்போதுதான் பார்த்தாள்.

போனில் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். முழுப் படம் பெரியது. வாத்தியார் வாசலுக்கு வெளியே உட்கார்ந்தவர் அல்லவா. அவர் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் வரைந்திருந்தார். முன்னால் வலைக்கதவின் விளிம்பு. கீழே சுண்ணாம்புத் தூள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மனையின் வாசல் நிலை. விரிசல்கூட அப்படியே இருந்தது.

அவள் கை உயர்ந்தது. யோசித்து உயர்த்தியது அல்ல. தினமும் மனையைவிட்டு வெளியே வந்து வாசலைப் பார்த்துத் திரும்பியதும் எப்படி உயருமோ அப்படி, இடது பக்கமாக, தலை உயரத்துக்கு. விரல் நகம் நிலையில் இருந்த சிவப்பு வட்டத்தின் ஓரத்தை நெம்பப் போனது.

"அம்மா! அம்மா! கை வெக்காதீங்க!"

டீ டம்ளர்களோடு ராஜா ஓடி வந்தார். பாதி டீ தரையில் சிந்தியது. அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். நகம் பட்டிருக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்கண்ணா. எடுக்கப் போயிட்டேன்."

"எத எடுக்கப் போனீங்க?"

"பொட்ட."

"வெக்கணும்னு சொன்னீங்க, இப்ப எடுக்கணும்னு சொல்றீங்க?"

அவள் படத்தின் ஓரத்தைக் காட்டினாள். கறுத்த மரத்தில், பசை படிந்த இடத்துக்கு நடுவில், மிளகு அளவில் ஒரு சிவப்பு. ராஜா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுங்களா? இத ஆணின்னு இல்ல நெனச்சேன். மொத நாளு பெயிண்ட்டு தெறிச்சிருக்குதுன்னு துணிய நனச்சுத் தொடைக்கப் போனேன். சாரு ஓடி வந்து கையப் புடிச்சுட்டாரு. ஏன்னு சொல்லல. இது பொட்டா?"

"என் பொட்டுங்க. உள்ள போறப்ப அங்கதான் ஒட்டிட்டுப் போவேன்."

"அப்ப அவரு உங்க பொட்ட வரைஞ்சுதான் இருக்காரு."

"வெச்ச எடத்துலயே வரைஞ்சிருக்காருங்க."

அவள் விரலில் ஒட்டியிருந்த பொட்டைத் திரும்ப அட்டையில் வைத்து அழுத்தினாள். மிச்சமிருந்த டீயை இருவரும் குடித்தார்கள். வாத்தியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ராஜா கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்க."

"போட்டோ எடுத்துக்குங்க. வூட்டுக்காரருக்குக் காட்டலாமில்ல?"

எடுத்துப் பார்த்தாள். முழுப் படமும் விழும்படி எடுத்தால் நிலையில் இருந்த சிவப்பு தெரியவே இல்லை. அது தெரியும்படி பக்கத்தில் போய் எடுத்தால் அவள் அதில் இல்லை. இரண்டும் சேர்ந்து போனுக்குள் வரவில்லை. விட்டுவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் தீர்த்தம்மாள் போன் செய்தாள்.

"என்னாச்சு? வெச்சானா பொட்டு?"

"படத்துல இருக்குதுங்கண்ணி."

"நான் பாத்தப்ப இல்லையே!"

"உங்க பையன் காட்டுனது பாதிதாங்க. முழுசாப் பாத்தா இருக்குது."

"அவன் எதத்தான் முழுசாச் செஞ்சிருக்கறான்?" என்றாள் தீர்த்தம்மாள். "அவனக் கூட்டிட்டுப் போவச் சொல்லி ஒரு நாளு நானும் போய்ப் பாக்கறேன்."

"நாளைக்குப் பெங்களூரு போயிடுதுங்க."

"போவட்டும் போ. பொட்டோட போனாச் சரி."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குப்புராஜ் தழையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் இலை அறையில் நிரப்பி வைத்திருந்தார். கட்டாகத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். களத்தில் உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்தார்.

"வெச்சாரா?"

"அவரு வரலீங்க."

"அப்ப வெக்கல."

"இருக்குதுங்க. நான் வெச்ச எடத்துலயே இருக்குது."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொல்லப் போனாள். ஏற்கெனவே ஒரு முறை விளக்கியது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"பொகையில விட்டு எத்தன நாளாச்சு?"

"ஆடியிலருந்து தொடல. உனக்குத் தெரியாதா?"

"சொக்காயக் கழட்டிட்டு, நேத்துத் தொவச்சத எடுத்துப் போட்டுக்குங்க. வாயக் கொப்புளிங்க. கை கால் கழுவிட்டு மனைக்கு வாங்க."

"நானா? உள்ளயா?"

"பின்ன யாரு, அண்ணியா?"

அவர் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவியதை அவள் பார்த்தாள். மூன்றாவது முறையும் கழுவப் போனவரை, போதும் வாங்க என்றாள். மனை வாசலில் செருப்பை விட்டார். சுண்ணாம்புத் தூளை, சாமி வாசலில் மிதிப்பதுபோலப் பார்த்துப் பார்த்து மிதித்தார்.

நிர்மலாதேவி நிலையின் பக்கத்தில் நின்றாள். பூ ஏற்கெனவே கையில்தான் இருந்தது. அதைத் திண்டின் மேல் வைத்தாள். பிறகு நகத்தால் பொட்டை எடுத்தாள். குப்புராஜ் சட்டென்று தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க."

அவர் திரும்பவில்லை.

"ஏங்க. இங்க பாருங்கன்னு சொல்றேன். நாந்தான்."

மெதுவாகத் திரும்பினார். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார். அதற்குக் கீழே, தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களைப் பார்த்தார். அவள் அவருடைய பார்வையை விடாமலே கையை உயர்த்திப் பொட்டை நிலையில் ஒட்டினாள். கறுத்துப் போயிருந்த அந்த இடத்தை அவர் கவனித்தார். கிட்டப் போய், தொடாமல், பார்த்தார்.

"இத்தன வருசமா இங்கயா வெக்கற?"

"ஆமாங்க. அந்த வாத்தியார் இதையும் சேத்துத்தான் வரைஞ்சிருக்காரு. போன்ல இத வெட்டிட்டாங்க."

அவர் அவள் பின்னாலேயே உள்ளே நுழைந்தார்.

உள்ளே புழுக்கள் எழுந்திருந்தன. உரித்துப் போட்ட தோல்கள் பழுப்பாகச் சுருண்டு கிடந்தன. எல்லாம் எழுந்துவிட்டனவா என்று அவள் அடுக்கு அடுக்காகப் பார்த்தாள். முந்திக்கொண்டு இலை போட்டால் பின்னால் எழுவது பட்டினி கிடக்கும். பிறகு மருந்துத் தூளைத் தூவி, கொஞ்ச நேரம் விட்டு, தண்டுகளைப் பரப்பினாள். குப்புராஜ் இலை அறையிலிருந்து கைகொள்ளும் அளவு தழையை எடுத்து எடுத்துக் கொடுத்தார். எதையாவது இடித்துவிடுவோமோ என்று முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

"என்னமோ சத்தம் கேக்குதே," என்றார்.

"தின்னுதுங்க. இன்னிக்குத் தூறல்தான். ரெண்டு மூணு நாளு போவட்டும், மழையாக் கேக்கும்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார். அவளும் அப்படித்தான் தலையைச் சாய்த்து நின்றிருந்தாள், அவரை மறந்து. போனில் இருந்த அதே முகம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து அடுத்த பிடித் தழையை எடுத்தார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அவள் கேழ்வரகுக் களியைக் கிளறி, கீரையைக் கடைந்து, இரண்டு தட்டில் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் தோட்டத்துக் குழாய் ஒன்று ஒழுகுவதைப் பற்றிச் சொன்னார். புதுத் தண்டு எந்தப் பாத்தியில் நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னார். ஆடிக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அவள் கை கழுவ எழுந்தபோது, பழக்கமாக நெற்றியைத் தொட்டாள். விரலில் ஒன்றும் தட்டவில்லை.

"ஐயோ! பொட்ட எடுக்காமயே வந்துட்டனே."

"நான் அப்பவே பாத்தேன்," என்றார் குப்புராஜ்.

"பாத்துட்டுச் சொல்லக் கூடாதுங்களா?"

அவர் தட்டில் இருந்த கடைசிக் களி உருண்டையைக் கீரையில் தோய்த்தார்.

"அங்கதான இருக்குது," என்றார். "காலைல போறப்ப எடுத்துக்கலாம்."